ஒரு பக்கம் காலி

...வேணாம் முதலாளி, அந்தக் கவரை உள்ள வைங்க. எத்தனை வருஷமா வர்றேன், இன்னும் என்னைப் பாத்ததும் உங்க கை கவருக்குத்தான் போகுது. இதோ துணிப்பை. எண்ணெய்க்குத் தூக்குவாளி. சர்க்கரைக்கு டப்பா. ஒரு சோப்பு வாங்கினா அதுக்கு ஒரு அட்டை, அட்டைக்குள்ள ஒரு பேப்பர், அதையெல்லாம் போட்டுக்க ஒரு கவர். சோப்புக்கே அவ்வளவு கூச்சமா?

இன்னிக்கு சாமான் அதிகம் இல்ல. உண்மையில சாமானே இல்ல. வேற ஒரு விஷயமா வந்தேன். இருங்க, முதல்லேர்ந்து சொன்னாத்தான் புரியும்.

எங்க வீட்டுல மூணு வருஷமா குப்பைக்கூடை பாதிகூட நிறையறதில்ல. பெருமைக்குச் சொல்லல... சரி, பெருமைக்குத்தான் சொல்றேன். தப்பித்தவறி ஒரு கவர் வந்துட்டா கழுவி, கொடியில கிளிப் மாட்டிக் காயப்போட்டுடுவேன். எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள், "சார், உங்க வீட்டுல துணியே துவைக்கறதில்லையா"ன்னு கேட்டாரு. தபால் உறை வந்தா பிரிச்சு, உள்பக்கத்தை வெளிய திருப்பி ஒட்டி, மறுபடி அனுப்புவேன். ஒரு பக்கம் காலியா இருக்கற காகிதம் எதுவானாலும் மேஜை ஓரத்துல அடுக்கிடுவேன். ஸ்கேல் வச்சுக் குறுக்கால கிழிச்சா நாலு சீட்டு. வாரத்துக்கு ஒண்ணு. ஒரு தாள்ல ஒரு மாச மளிகை முடிஞ்சுது. இதுக்கெல்லாம் பெரிய வித்தை வேணாம், மனசு வேணும்.

ஆனா வீட்டுல இருக்கறவங்க ஒத்துழைக்கணுமே. முந்தாநாள் என் சம்சாரம் அவ அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போயிட்டா. ரெண்டு பெட்டி. எதுக்கு ரெண்டுன்னு நான் கேக்கல. ஏன்னா அப்ப நான் பால் கவரை எப்படி வெட்டணும்னு விளக்கிட்டு இருந்தேன். வாசல்ல நின்னு, "அப்ப நான் வரட்டுமா"ன்னு ரெண்டு தடவை கேட்டா. "மூலைத் துண்டு கவரோடயே ஒட்டிட்டு இருக்கணும், தனியா விழுந்தா காக்கா முழுங்கிடும்"னு சொன்னேன். ரெண்டு பெட்டியையும் தூக்கிட்டுப் போயிட்டா.

நான் அச்சகத்துல முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தினவன். கண்ணுல எழுத்து பட்டா படிச்சுடுவேன். உங்க உப்புப் பொட்டலத்துக்குப் பின்னாடி பொடி எழுத்துல இருக்கறதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதைப் படிச்சது அதை அடிச்சவனும் நானுந்தான். அச்சகத்துல ஒரு சட்டம் உண்டு. அச்சுக்குக் குடுக்கற தாள்ல ஒரு பக்கம்தான் எழுதணும். பின்பக்கத்துல எழுதினா யாரும் திருப்பிப் பாக்கமாட்டாங்க. கல்யாணமான புதுசுல இதை அவகிட்ட சொல்லியிருக்கேன். நிறைய தடவை சொல்லியிருப்பேன்போல. இத்தனை வருஷம் கழிச்சும் ஞாபகம் வச்சிருக்கா.

இன்னிக்குக் காலையில லிஸ்ட் எழுத உக்காந்தேன். எப்பவும் அவ சமையலறையிலேர்ந்து சொல்லுவா, நான் எழுதுவேன். இன்னிக்குச் சொல்ல ஆள் இல்ல. என்ன எழுதறதுன்னு தெரியாம சும்மா சீட்டைத் திருப்பினேன்.

அவ கையெழுத்து.

போன மாசம் ஒரு நாள் மேஜையில டம்ளருக்கு அடியில ஒரு தாள் இருந்துது. நான் சொன்ன சட்டப்படி ஒரு பக்கம்தான் எழுதியிருக்கா, அது எப்படியோ புரண்டு வெள்ளைப் பக்கம் மேல. நல்ல தாளை இப்படிப் போட்டு வச்சிருக்காளேன்னு நான்தான் எடுத்து நாலாக் கிழிச்சேன். இது கடைசிப் பட்டை. படிக்கறேன் கேளுங்க. "ஒண்ணுமே சொல்லலன்னா, சரின்னு சொன்னதா எடுத்துக்கறேன். கோவம் இல்ல." அவ்வளவுதான் இருக்கு. எதுக்குச் சரி? நான் எதுக்குச் சரின்னு சொல்லியிருக்கேன், முதலாளி? மேல இருக்கற மூணு பட்டையையும் மூணு வாரமா உங்ககிட்ட குடுத்துட்டேன். ஒரு பக்கம் உப்பு ஒண்ணு, சோப்பு ரெண்டு. மறுபக்கம் என் குடும்பம்.

அந்தக் கம்பியைக் கொஞ்சம் இறக்குங்க. கேட்ட சோப்பு வேற, குடுத்தது வேறன்னு நான் ஒரு தடவை சண்டை போட்டேனே, அன்னிக்கிலேர்ந்துதானே எல்லார் சீட்டையும் குத்தி வைக்கறீங்க? அன்னிக்குத் தப்பு என் மேலதான். சோப்புப் பேரை நான்தான் மாத்தி எழுதியிருந்தேன். இப்ப ஒத்துக்கறேன், எடுங்க...

என்ன, கல்லாவுலேர்ந்து எடுக்கறீங்க? தனியாவா வச்சிருந்தீங்க? குண்டூசி குத்தி, வரிசையா... அப்ப நீங்க படிச்சிருக்கீங்க. முதல் வாரமேவா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

...ஆமா. சொல்ல வந்தீங்க. போன வாரம் "சார், ஒரு விஷயம்"னு ஆரம்பிச்சீங்க. நான் உறிஞ்சுகுழலைப் பத்திப் பேசிட்டு இருந்தேன். அதுக்கு முந்தின வாரமும் ஆரம்பிச்சீங்க. அது பாட்டில் மூடி.

கண்ணாடி எங்க... இருங்க.

"வாயால சொல்ல வந்தா நீங்க பேசிட்டே இருக்கீங்க. அதனால எழுதறேன். எழுத்துன்னா நீங்க படிச்சுடுவீங்க."

ரெண்டாவது. "கால் எலும்பு முறிஞ்சதுலேர்ந்து அக்காவால தனியா இருக்க முடியல. என்னை அங்கயே வந்து இருந்துடச் சொல்றா. நீங்களும் வந்தா நல்லது."

மூணாவதுல எண்ணெய் பட்டிருக்கு. "வர இஷ்டம் இல்லன்னா, போகாதேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இருந்துடறேன்."

ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு நான் எத்தனை வார்த்தை பேசறேன், முதலாளி? வேணாம், சொல்லாதீங்க.

போன்ல பேசலாம்தான். பேச ஆரம்பிச்சா நான் எங்க போய் நிப்பேன்னு உங்களுக்கே தெரியும்.

ஒரு தாள் குடுங்க. அது வேணாம், அது பழைய காலண்டர், பின்னாடி அச்சு இருக்கு. புதுத் தாள். ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்கணும். கிழிக்காதீங்க, முழுசாவே குடுங்க.

நானும் வர்றேன்னு ரெண்டே வார்த்தைதான் எழுதப்போறேன். மிச்ச இடமெல்லாம் வீணாப் போகட்டும்.