தவிட்டுக்கடை சைனம்பு அம்மையார் இடித்த சுவர்

மேடையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் முத்துகிருஷ்ணன் அவர்களே, கால்நடை மருத்துவர் இளவரசி அவர்களே, தாயை அடக்கம் செய்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி ஜாசிம் அவர்களே, உத்திரமேரூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

விலங்குகள் காப்பகத்தின் மருத்துவ நிதிக்குத் தலைவியாக இருந்த சைனம்பு அம்மையாரைப் பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். எனக்கு முன் பேசியவர்கள் அவரைக் கருணைக் கடல் என்றார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மையாரை நான் முதன்முதலில் சந்தித்தது எதிராளியாக. அதை மறைத்துவிட்டு இங்கே எதைப் பேசினாலும் பொய்யாகிவிடும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் வக்கீல் குமாஸ்தா. பெருநகர் சாலையில் ஒரு வீடு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கில், கோர்ட் கமிஷனராக நியமித்த என் வக்கீலின் சார்பில் அதைப் பூட்டி முத்திரை வைத்தோம். இரண்டு குடும்பங்களும் கோபத்தோடு வெளியேறின. அறிவிப்பை ஒட்டியவன் நான். சாவியை வைத்திருந்தவன் நான். பின்கட்டைப் போய்ப் பார்த்தேனா? பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதிக் கொடுத்தேன்.

அங்கே ஒரு நாய் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தது. அண்ணன் கொண்டுபோவார் என்று தம்பியும், தம்பி கொண்டுபோவார் என்று அண்ணனும் விட்டுப் போயிருந்தார்கள்.

மே மாதம். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் சுவருக்கு மேலே சோற்றுருண்டை வீசியிருக்கிறார். சங்கிலி எட்டவில்லை. ரப்பர் குழாயை நீட்டித் தண்ணீர் மட்டும் விட முடிந்தது. தவிட்டுக்கடைக்குப் புண்ணாக்கு வாங்கப் போனவர் அதைக் கடைக்காரர் சைனம்பு அம்மையாரிடம் சொல்ல, அம்மையார் கடையை அப்படியே போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

நான் என்ன சொன்னேன்? கோர்ட் விடுமுறை என்றேன். வக்கீல் ஊரில் இல்லை என்றேன். போனில் வக்கீலைக் கேட்டேன். முத்திரையைத் தொட்டால் உள்ளே போவாய் என்றார். அதையும் சொன்னேன். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் என் மேசைக்கு எதிரே நின்று மெதுவாகக் கேட்டார்:

"சாவி உன் ஜோபுல கீது. நாயி உள்ள கீது. நடுவுல இன்னா கீது, சொல்லு?"

நடுவில் இருந்தது என் பயம். அதை எப்படிச் சொல்வேன்? என் பெண் அப்போது பிளஸ் டூ. இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை தெரியாது. அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"கோவிந்தம்மா பக்கத்துச் செவுரு கேசுல வருதா?"

வரவில்லை, அது அவர்கள் சொந்தச் சுவர் என்றேன். நான் செய்த உதவி அவ்வளவுதான்.

அன்று மாலையே கோவிந்தம்மாளின் சம்மதத்தோடு அம்மையார் கடப்பாரை போட்டுச் சுவரை இடித்தார். ஐம்பத்தெட்டு வயதில் அந்த ஓட்டை வழியே தவழ்ந்து உள்ளே போனார் அம்மையார். நான் எங்கே இருந்தேன்? சாலையில் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப்பையில் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் திறக்கவில்லை.

சங்கிலி கழுத்துச் சதைக்குள் புதைந்து புழு வைத்திருந்தது. இதோ மேடையில் இருக்கும் இளவரசி டாக்டர்தான் அறுவை செய்தார். நாய் பிழைத்தது. கழுத்தை முழுதாகத் திருப்ப அதற்குக் கடைசிவரை முடியவில்லை.

ஆறுவதற்காக அதை வாலாஜாபாத் சாலைக் காப்பகத்தில் விடப் போன இடத்தில்தான் மற்றவற்றைப் பார்த்தார். மருந்து இல்லாமல் சீழ் பிடித்துக் கிடந்த கால்கள், பிரிக்கப்படாத கட்டுகள். திரும்பி வந்து கடைவாசலில் அட்டை எழுதி மாட்டினார்: தவிடு வாங்குகிறவர்கள் காலிச் சாக்கைத் திருப்பிக் கொடுங்கள், விற்ற பணம் மருந்துக்கு. பெருநகர், புள்ளலூர் கிராமங்களிலிருந்து பால்காரர்களும் விவசாயிகளும் சைக்கிளில் சாக்குக் கட்டுகளைக் கொண்டுவந்து போட்டீர்கள். ஆறு ஆண்டுகளாக அங்கே மருந்து தீர்ந்துபோன நாள் இல்லை.

ஆறு மாதம் கழித்து நான் வெட்கத்தோடு கடைக்குப் போனேன். பழையதை அவர் பேசவில்லை. கிழிந்த சாக்குகளைத் தைக்கக் கோணி ஊசியைக் கையில் கொடுத்தார்.

தம்பி ஜாசிம், இனி சொல்வது உங்களுக்கு. உங்கள் பெண் ஆஷிகா பிறந்தபோது சார்ஜாவுக்கு இரண்டு முறை டிக்கெட் போட்டீர்கள். இரண்டு முறையும் அம்மா வரவில்லை. பேத்தியைவிட நாய்கள் பெரிதா என்று போனில் கேட்டீர்கள். அன்று அவர் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து என்னிடம் சொன்னதை நீங்கள் கேட்க வேண்டும்.

"மாட்டிக்கினேன் அருளு. ஒன்னு நல்லாயி போனா ரெண்டு வருது. வுட்டுட்டுப் போவவும் முடில, இருக்கவும் முடில. வெளிய வர வழியே தெரில."

கருணைக் கடல் என்கிறோமே, அந்தக் கடலுக்கு மூச்சு முட்டியது நமக்குத் தெரியுமா? 'ஒரு மாதம் நான் பார்த்துக்கொள்கிறேன், போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வாருங்கள்' என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த வேலை என் தலையில் விழுந்துவிடும் என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டு சாக்கு தைத்தேன். போன செவ்வாய்க்கிழமை தவிடு நிறுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. தம்பி, என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. கேட்கிறேன்.

இப்போது அந்த வேலை என் தலையில் விழுந்துவிட்டது. மனமுவந்து ஏற்கிறேன் என்று சொன்னால் அம்மையாரே சிரிப்பார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் செய்வேன். இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன், செய்வேன்.

ஆனால் தனியாக ஒருவரை உள்ளே விட்டுவிட்டு, வெளியே நின்று பாராட்டிக்கொண்டிருந்தது போதும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு டாக்டர் காப்பகத்துக்கு வருகிறார். லாரியில் அடிபட்ட ஒரு கறுப்பு நாய்க்குக் கட்டு மாற்ற வேண்டும். அது கடிக்கும். பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். ஒருவன் நான். இன்னொருவர் யார்? சொல்லுங்கள், கேட்டுக்கொண்டுதான் மேடையிலிருந்து இறங்குவேன்.