வரிசையில் கிடந்த கல்

பாரிசில் நம்மவர் கடைத்தெருவான லா சப்பலில் மட்டன் ரோல்ஸ் வாங்கக்கூட நான் வரிசையில்தான் நிற்பேன். இடையில் புகுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. என்னைப் பற்றி இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்கு நியாயமாகவே படும்.

2009இல் எங்களை முள்வேலிக்குள் அடைத்துவைத்த முகாமில், தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஆளுக்கொரு கல்லை வரிசையில் வைத்துவிட்டுக் கூடாரத்துக்குப் போய்விடுவோம். அவரவர் கல் அவரவருக்குத் தெரியும். எல்லாம் போன பிறகும் அந்த வரிசை மட்டும் ஒழுங்காக இருந்தது. அதில் எனக்குப் பெருமைதான்.

ஒருநாள் பவுசர் வந்தபோது, ஒரு பிள்ளைத்தாச்சிக்கு இடம்விட்டு, சேந்தன் என்பவன் என் கல்லைப் பின்னுக்கு நகர்த்தினான். "கோவியாதேங்கோ அண்ணை" என்றான். பிறகு ஒரு கல் பறந்தது. பவுசர் மேல் நின்ற சிப்பாயின் மண்டை உடைந்தது. சனம் வேலியைப் பிடுங்கியது, சிப்பாய்கள் சுட்டார்கள். அந்தப் பிள்ளைத்தாச்சிக்கு அதற்குப் பிறகு தண்ணீர் தேவைப்படவில்லை.

இராணுவ விசாரணை முறைப்படி நடந்தது. மேசை விரிப்பு, தேநீர், நடுவில் அந்தக் கல். கொழும்பில் வேலை பார்த்த காலத்துச் சிங்களம் கைவசம் இருந்ததால் நான்தான் மொழிபெயர்ப்பாளன். பக்கத்தில் நின்ற குற்றத்துக்குச் சேந்தனைக் கட்டிவைத்திருந்தார்கள். மேஜருக்குச் சாப்பாட்டுக்கு முன் முடித்தாக வேண்டும்.

சேந்தனின் மனைவி கலாவதி கும்பிட்டாள். "இது அவற்ரை கல்லில்லை ஐயா. அவற்ரை கல் இன்னும் வரிசையிலைதான் கிடக்குது. வந்து பாருங்கோ."

தாகத்தில் எறிந்துவிட்டாராம், மன்னிக்கச் சொல்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னேன். மேஜர் நெகிழ்ந்துபோய் அவளுக்கும் தேநீர் கொடுக்கச் சொன்னார். சேந்தனை ஜீப்பில் ஏற்றினார்கள். பிறகு அவனை யாரும் காணவில்லை.

சில வருடங்களில் கலாவதி பாரிசுக்கு வந்து என்னையே தேடிப் பிடித்தாள். அகதிகளுக்காகப் பிரெஞ்சில் பேசுவது இப்போது என் தொழில்.

"அண்டைக்கும் நீங்கள்தான் எங்களுக்காகக் கதைச்சனீங்கள். ஆமிக்காரன்தான் கேக்கேல்லை. எனக்கு விசா கிடைக்காட்டிலும் பரவாயில்லை அண்ணை. அவர் எறியேல்லை எண்டு ஒரு இடத்திலை எழுதினால் காணும்."

பாரிசை ஒட்டிய பொபினியில், அவளுடைய அகதி வழக்கை எடுத்த வக்கீலம்மாவின் முன் அவள் அதே கதையை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். நான் அவள் நன்மையை யோசித்தேன். எறியாதவனின் மனைவிக்கு எவன் விசா கொடுப்பான்? கணவர் இராணுவத்தின் மேல் கல்லெறிந்தார் என்று பிரெஞ்சில் சொன்னேன். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விசா கிடைத்தது. தீர்ப்பின் பிரதியைச் சேந்தனின் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். அவளுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. கூலி வேண்டாம் என்றதற்குப் பயித்தம் பணியாரம் சுட்டுக்கொண்டு வந்தாள். சாப்பிடும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. நான் எறிந்த கல் ஒரு குடும்பத்தையாவது கரைசேர்த்திருக்கிறதே.