நிற்கிற வண்டியின் வேகம்

— ஜனவரி எட்டு, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு பத்து. சலவைக்கூடத்து முற்றம். வண்டி நிக்குது. எஞ்சின் நிமிஷத்துக்கு ஆயிரத்து நூறு சுத்து.

— அவ்வளவுதானா மாமா?

— ஆபீஸ்ல மாமா கிடையாது. மேனேஜர்.

— அவ்வளவுதானா சார்?

— புதன்கிழமையும் அதே நேரம், அதே இடம், அதே ஆயிரத்து நூறு. வியாழனும் அப்படியே. வண்டியில மாட்டின பெட்டி ஒண்ணு விடாம சொல்லுது. நின்ன இடத்துல எஞ்சின் ஆயிரத்தைத் தாண்டினா சிவப்புக் குறி. உனக்கு வாரம் பூரா சிவப்பு. டீசலை வீணா எரிக்கிறேன்னு ரெண்டு எச்சரிக்கை குடுத்தாச்சு. மூணாவது வந்தா ஸ்டியரிங்கை விட்டு இறங்கணும். விதின்னா விதி.

— இறங்கி எங்க போறது? எனக்கு வண்டி ஓட்டறதைத் தவிர ஒரு எழவும் தெரியாது. சத்தியமா சொல்றேன், நான் ஆக்சிலேட்டரை மிதிக்கவே இல்ல.

— மிதிக்காம எப்படிடா உறுமும்?

— குளிருக்கு அதுவா ஏத்திக்குது.

— ஓஹோ, எஞ்சினுக்குக் குளிருதா? உங்க அக்காவை ஒரு ஸ்வெட்டர் பின்னித் தரச் சொல்லவா?

— கிண்டல் பண்ணாம கேளுங்க சார். டீசல் எஞ்சின்ல தீப்பொறி கிடையாது. காத்தை நசுக்கி நசுக்கியே சூடாக்கணும். அந்தச் சூட்டுல டீசலைப் பீச்சினா பத்திக்கும். ராத்திரி பூரா பனியில நின்ன இரும்பு என்ன பண்ணும்? அந்தச் சூட்டை அப்படியே குடிச்சிடும். டீசல் பாதி எரியும், மீதி வெள்ளைப் புகையாப் போகும். ஆயில் வேற கெட்டியாக் கிடக்கும். மெதுவா விட்டா அது சூடேறவே ஏறாது. அதான் உள்ள இருக்கிற கம்ப்யூட்டர், தண்ணி எவ்வளவு சில்லுன்னு இருக்குன்னு பாத்து வேகத்தை ஏத்துது. சூடானதும் அதுவே இறக்கிடும்.

— அதாவது, வண்டி தானா முடிவெடுக்குது. மேனேஜரைக் கேக்காம.

— உங்களை யாருமே கேக்கறதில்ல சார்.

— வாய் இருக்கே உனக்கு, அதுக்கு ஒரு பெட்டி மாட்டணும். சரி, கண்ணால பாத்துடுவோம். வண்டியைக் கொண்டா.

— முற்றத்துக்கு வரீங்களா?

— வெளியவா? எனக்கு சைனஸ். துணி உலர்த்துற கூடத்துக்குள்ள கொண்டா.

— அங்க வெந்துடுவோமே சார்!

— அதனாலதான் சொல்றேன்.

— இப்பதான் மூணு ஆஸ்பத்திரிக்குப் போர்வை எறக்கிட்டு வரேன். எஞ்சின் கொதிச்சுக்கிட்டு இருக்கு. நாளைக்கு விடியக்காலையில பாருங்க, அப்பதான் தெரியும்.

— வண்டி உன்னுதா, கம்பெனியோடதா? கொண்டான்னா கொண்டா... ம், உள்ள வா, இன்னும் வா. கதவைச் சாத்து, காத்து வருது. அணைச்சுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணு. எவ்வளவு காட்டுது?

— எழுநூத்தம்பது.

— மிதிச்சியா?

— இல்ல.

— ஆக, மிதிக்காட்டி எழுநூத்தம்பது. உன் வாயாலயே வந்துடுச்சு.

— காய்ச்சல் இறங்கினப்புறம் தெர்மாமீட்டரை வச்சுட்டு, உனக்குக் காய்ச்சலே வரலைன்னு சொல்றீங்க.

— பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

— கேள்வி கேக்கவும் தெரியாது.

— அங்க பாரு, சுவர்ல யார் போட்டோ? அவனும் உன்னை மாதிரி டிரைவர்தான், அவனுக்கும் இதே குளிர்தான், இதே மாதிரி பிக்கப் வண்டிதான். மாசம் பூரா ஒரு சிவப்பு உண்டா? எல்லாரும் அவனை முன்மாதிரின்னு கூப்பிடறது சும்மாவா?

— அவனைப் பத்தி நான் பேசமாட்டேன்.

— பேச என்ன இருக்கு? திங்கக்கிழமை என் அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போயிடும். வீட்ல இதைப் பத்தி மூச்சு விடாதே.

— ஏற்கெனவே விட்டுட்டேன் மாமா.

*

— வந்துட்டீங்களா! நிஜமாவே வந்துட்டீங்களா? இன்னும் சரியா விடியக்கூட இல்ல!

— உங்க அக்கா என் மப்ளரை ஒளிச்சு வச்சுட்டா. என் தம்பி எந்தக் குளிர்ல நிக்கிறான்னு போய்ப் பாத்துட்டு வாங்க, அப்புறம் தரேன்னுட்டா. சீக்கிரம் காட்டு, காது கழண்டு விழுந்துடும் போல இருக்கு.

— நான் காட்டல. நீங்களே ஏறி உக்காருங்க. செருப்பைக் கழட்டுங்க. ரெண்டு காலையும் மடிச்சு சீட்டு மேல சம்மணம் போடுங்க.

— என்னடா இது, பந்தியில உக்காந்த மாதிரி?

— அப்புறம் கால் பட்டுச்சுன்னு சொல்லக்கூடாதில்ல? சாவியைப் பாதி திருப்புங்க. சுருள் மாதிரி ஒரு விளக்கு எரியுதா? அது அணையற வரைக்கும் பொறுங்க. இப்ப முழுசாத் திருப்புங்க.

— அய்யய்யோ! உறுமுது! நான் ஒண்ணுமே பண்ணல!

— முள்ளைப் பாருங்க.

— ஆயிரத்து நூறு... சத்தியமா நான் மிதிக்கல மாப்ள!

— அதைத்தான் நானும் ஒரு வாரமாச் சொல்றேன்.

— இப்ப இந்தச் சிவப்பு யார் கணக்குல ஏறும்?

— என் கணக்குலதான். வேற யார் கணக்குல?

— சேச்சே, அநியாயமா இருக்கே. இரு இரு. அப்ப முன்மாதிரிக்கு மட்டும் எப்படி வரல? அவன் எஞ்சினுக்குக் குளிராதா?

— பேசமாட்டேன்னு சொன்னேன். காதை வச்சுக் கேளுங்க. பாய்லர் ரூமுக்குப் பின்னாடி.

— பாய்லர் சத்தம்.

— அந்தச் சத்தத்துக்கு அடியில இன்னொரு சத்தம். வாங்க... இதான் அவன் வண்டி. பானெட்ல கையை வைங்க.

— அட, இதமா இருக்கே! இவ்வளவு சீக்கிரம் யார் கிளப்பினது?

— கிளப்பல. நேத்து சாயங்காலம் வந்தவன் அணைக்கவே இல்ல. தினமும் இப்படித்தான். குளிர்காத்து படாம எஞ்சினுக்கு முன்னாடி அட்டையை வச்சு மூடிட்டு வீட்டுக்குப் போயிடுவான். சூடு இறங்கறதில்ல. எஞ்சின் எழுநூத்தம்பதுலயே ராத்திரி பூரா முனகிக்கிட்டுக் கிடக்கும். ஆயிரத்தைத் தாண்டினாத்தானே பெட்டிக்குக் கோபம்?

— அப்ப ராத்திரி பூரா டீசல்!

— ராத்திரி பூரா. நான் காலையில சூடேத்த எரிக்கிறது ஒரு டம்ளர் இருக்குமா? அவன் வாளி வாளியா எரிக்கிறான். டீசல் கணக்குல இது தெரியலையா?

— டீசல் வேற பிரிவு, பெட்டி வேற பிரிவு. தலைமை அலுவலகத்துல அது கீழ் மாடி, இது மேல் மாடி. ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல.

— லிப்ட் இல்லையா?

— சிரிக்காதே. இன்னிக்கே எழுதறேன். உன் எஞ்சின், அவன் எஞ்சின், அட்டை, பாய்லர், எல்லாத்தையும் எழுதறேன். நீ எனக்குச் சொன்ன விளக்கம் மொத்தமும் போகும். உள்ளதை உள்ளபடி எழுதினா யார் மறுக்க முடியும்?

— அவனை மாட்டி விட்டுடாதீங்க மாமா. அவனும் பிழைப்புக்குத்தான் பண்றான். எனக்கு என் சீட்டு கிடைச்சாப் போதும்.

— கிடைக்கும். நான் பாத்துக்கறேன்.

— சரி, கையை எடுங்க, போலாம்.

— இருடா கொஞ்சம். விரல் மரத்துப் போச்சு.

*

— வா, உள்ள வா. தலைமை அலுவலகத்துலருந்து பதில் வந்திருக்கு. உக்காரு மாப்ள.

— ஆபீஸ்ல மாப்ளயா? எனக்குப் பயமா இருக்கே சார்.

— முதல் பத்தி நல்லாத்தான் இருக்கு. உன் மேல தப்பில்லைன்னு ஒத்துக்கிட்டாங்க. குளிர்ல டீசல் எஞ்சின் தானாவே வேகத்தை ஏத்திக்கும்னு அவங்களும் விசாரிச்சாங்களாம். மூணாவது எச்சரிக்கை கிடையாது.

— அப்பாடா! அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?

— சொல்லல. ரெண்டாவது பத்தி இருக்கு. எஞ்சின் குளிர்ந்தாத்தானே சிவப்பு வருது? ஆகவே எஞ்சின் குளிரவே கூடாது. முன்மாதிரி கண்டுபிடிச்ச முறையை எல்லாக் கிளையிலயும் கொண்டு வராங்க. குளிர்காலம் முடியற வரைக்கும் ராத்திரி எந்த வண்டியையும் அணைக்கக்கூடாது.

— நீங்க எழுதினது புகார்தானே?

— புகார்தான். அவங்க அதை ஒரு நல்ல யோசனையா எடுத்துக்கிட்டாங்க. எனக்குப் பாராட்டு வேற.

— கீழ் மாடி சும்மாவா இருக்கும்?

— அவங்களுக்கு நகல் அனுப்பல.

— என்னமோ போங்க. எரியறது அவங்க டீசல். எனக்கு என் சீட்டு இருக்கில்ல?

— மூணாவது பத்தி. முற்றத்துல வரிசையா அத்தனை வண்டியும் ஓடிக்கிட்டு நிக்கும். ராத்திரியில கூட இருந்து பாத்துக்க ஓர் ஆள் வேணும்னு கேட்டிருக்காங்க. எஞ்சினோட குணம் தெரிஞ்ச ஆளா இருக்கணுமாம். என் கடிதத்துல உன்னை நான் கொஞ்சம் அதிகமாப் புகழ்ந்துட்டேன்.

— மாமா...

— சம்பளம் அதேதான். குறையாது.

— என் வண்டி?

— திங்கக்கிழமையிலருந்து முன்மாதிரியோட தம்பி எடுத்துக்கறான்.

— அப்ப நான் ஓட்ட வேண்டாமா?

— ஓட்ட வேண்டாம். அணையாம பாத்துக்கணும்.