மதிலடியில் ஊற்றிய கஞ்சி

நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை.

ஒரு சிறு பிழை விட்டிருக்கிறேன். பழைய கல் மதில்களைப் பேணுவது பற்றிய மாலை வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள்: மதிலின் இரண்டு பக்கத்தையும் பார். நான் மூன்று கிழமையாக எங்கள் விலேஜ் மதிலின் தெருப்பக்கத்தை மட்டும் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். இன்று பின்னேரம்தான் உள்பக்கம் போனேன். அங்கிருந்து நேரே, மதிலுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் ஆட்களின் மண்டபமான ஹோலின் குசினிக்குப் போனேன். செவ்வாயும் வெள்ளியும் அங்கே வருகிற எல்லோருக்கும் சமைக்கிறவர் இராஜேஸ்வரி அன்ரி. அவரும் நானும் கதைத்ததை, மறக்குமுன் எழுதி வைக்கிறேன்.

— அதை இப்ப தூக்காதேங்கோ அன்ரி. ப்ளீஸ். கிடாரத்தை வையுங்கோ.

— சோறு குழைஞ்சு போகும் பிள்ளை. ஆறு மணிக்கு நூறு பேர் வந்து நிப்பினம். தள்ளு, கஞ்சி வடிக்கோணும்.

— வடியுங்கோ. ஆனா வெளியிலை கொண்டு போகாதேங்கோ. இனி மதிலடியிலை ஊத்தக் கூடாது.

— பின்னை உன்ரை தலையிலையே ஊத்துறது?

— சீரியஸா சொல்லுறன் அன்ரி. மதிலைத் தள்ளுறது உந்தக் கஞ்சிதான்.

— கஞ்சி கல்லைத் தள்ளுமே? பல்லு டொக்டரிட்டை வேலை செய்து செய்து உனக்கு மண்டை கழண்டு போச்சு.

— நான் இப்பத்தான் பாத்திட்டு வாறன். மதிலுக்கு உள்பக்கம் மண் உயரம்தானே. நீங்கள் ஊத்துற இடம் சேறாக் கிடக்கு. புளிச்ச மணம். மற்ற இடமெல்லாம் காய்ஞ்சுபோய் இருக்கு. வெளியிலை கல்லு வயிறு தள்ளிக்கொண்டு நிக்கிறதும் அந்த ஒரு இடத்திலைதான்.

— தண்ணி கல்லிடுக்காலை ஓடிப் போகும்தானே.

— வெறும் தண்ணி எண்டால் போகும். அதுக்குத்தான் அந்தக் காலத்திலை இடுக்கு விட்டுக் கட்டினவை. கஞ்சி அந்த இடுக்கை அடைச்சுப் போட்டுது. தண்ணி உள்ளுக்கை தங்கி நிண்டு, வின்ரரிலை உறைஞ்சு வீங்கி, கல்லை ரோட்டுப் பக்கம் தள்ளுது. ஒவ்வொரு வின்ரரும் கொஞ்சம் கொஞ்சமா.

— என்ர முருகா. சீலைக்குப் போட்டால் சீலை விறைக்கும். கல்லுக்குப் போட்டால் இப்பிடியே.

— நான் பிழையாவும் இருக்கலாம். ரெண்டு தரம் பாத்தனான். லைக், நான் எஞ்சினியர் இல்லை. ஆனா...

— ஆனா எண்டு இழுக்காமல் சொல்லு.

— நாளைக்கு நகரசபைக் குழு முடிவெடுக்குது. ஹோல் சொந்தக்காரர் சச்சி அங்கிள் குடுத்த எஞ்சினியர் ரிப்போட்டிலை என்ன இருக்கு? கீழை களிமண், மதில் தானாச் சரியுது, திருத்தேலாது, இடிக்க விடுங்கோ எண்டு. அதுக்கு எங்களிட்டை மறுமொழி இருக்கேல்லை. இப்ப இருக்கு. தண்ணியை நிப்பாட்டினால், அந்தத் துண்டை மட்டும் பிரிச்சு அதே கல்லாலை திருப்பிக் கட்டலாம். மதில் நிக்கும்.

— அப்ப நாளைக்கு நீ எழும்பி நிண்டு என்ன சொல்லப் போறாய்? மதிலைத் தள்ளினது இராஜேஸ்வரி எண்டோ?

— உங்கடை பேர் சொல்ல மாட்டன்.

— பேர் சொல்லாட்டி? கிடாரத்திலை சோறு வடிக்கிற வெள்ளைக்காரி இந்த விலேஜிலை ஆர் இருக்கிறாள், சொல்லு பாப்பம்.

— அன்ரி...

— கஸ்பர் கிழவன் இந்தக் குளிருக்குள்ளை வீடு வீடாப் போய் மதிலுக்காகக் கையெழுத்து வாங்கினவன். அந்த மதிலிலை இருந்துதான் தன்ரை மனிசியைக் கலியாணம் கேட்டவனாம். நாங்கள் வந்த புதுசிலை கறி மணக்குது எண்டு முறைச்ச சனம், இப்ப கோடை வந்தால் எங்களோடை மதிலிலை வரிசையா இருந்து தட்டை நீட்டுது. அதுகளின்ரை முகத்தை நான் என்னெண்டு பாக்கிறது? உங்கடை மதிலை நாங்கள்தான் கெடுத்தனாங்கள் எண்டு சொல்லவோ?

— சொல்லாட்டி மதில் போகும்.

— சொன்னால் சமையல் போகும். அடுத்த நாளே இன்ஸ்பெக்டர் வந்து குசினியைப் பூட்டிப் போட்டுப் போவான். படிக்க வந்து பேஸ்மென்ற் வழிய கிடக்கிற பெடியள் எங்கை போறது? இதிலை வந்து ரெண்டு வாய் சோறு திண்டிட்டுத்தானே அதுகள் இரவு வேலைக்குப் போகுதுகள்.

— மதில் போனால் அதுக்குள்ளாலை பாதை விடுவினம். பாதை வந்தால் பின்னாலை வரிசையா ரவுண்ஹவுஸ் வீடு கட்டுவினம். ஹோலையும் இடிப்பினம் அன்ரி. பிளானை உங்களுக்குக் காட்டினனான்தானே. நீங்கள் நிக்கிற இந்த இடத்திலை கார் நிக்கும்.

— சச்சியைக் குறை சொல்லாதை. என்ரை மனிசன் செத்த நேரம் வந்த சனம் முழுக்க இந்த ஹோலிலைதான் இருந்தது. வேறை ஆரும் கதவு திறந்து விடேல்லை.

— நான் ஆளைக் குறை சொல்லேல்லை. அவர் தன்ரை காணியிலை வீடு கட்டப் பாக்கிறார். நான் மதிலைக் காப்பாத்தப் பாக்கிறன். அவ்வளவுதான்.

— உனக்குக் கல்லு. எனக்குச் சனம்.

— சனம் வந்து இருக்கிறதும் அந்தக் கல்லிலைதானே.

— வாய் காட்டாதை. ஒரு நாள் பொறன். நாளைக்கு ஒண்டும் கதையாமல் இரு. அந்தக் குழுவிலை மனச்சாட்சி உள்ள ரெண்டு பேர் இருக்க மாட்டினமே?

— மனச்சாட்சி இருந்தாலும் ரிப்போட்டைத்தான் பாப்பினம். நாளையோடை சரி அன்ரி. அதுக்குப் பிறகு கேக்க ஆக்கள் இல்லை.

— அப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறாய்? சொன்னாலும் பட்டினி, சொல்லாட்டிலும் பட்டினி. ஐயோ, நான் வேணுமெண்டே செய்தனான்? முந்தி இந்தச் சிங்கிலைதானே வடிச்சுக்கொண்டிருந்தனான்.

— சிங்கிலையோ? பிறகேன் விட்டனீங்கள்?

— பைப் அடைக்குமாம். வெளியிலை ஊத்தச் சொன்னவர்.

— ஆர்?

— ஆர், சச்சிதான். கூட்டிக்கொண்டுபோய் இடமும் காட்டினவர். அக்கா, இதிலை ஊத்துங்கோ, மண் குடிச்சிடும் எண்டு. அண்டைக்குத் தானே ஒரு வாளியும் தூக்கித் தந்தவர்.

— அவர் வீடு கட்டுற தொழில்தானே அன்ரி, எத்தினையோ வருசமா?

— ஓம். அதாலைதானே நானும் யோசிக்கேல்லை. தண்ணி எங்கை போகுமெண்டு தெரிஞ்ச மனிசன் சொல்லுறார் எண்டு விட்டிட்டன்.

— அவர் வந்து சொன்னது எப்ப? யோசிச்சுச் சொல்லுங்கோ. நாளைக்கு என்னட்டைக் கேப்பினம்.

— அதுக்கு யோசிக்க என்ன கிடக்கு? சச்சி முதல் தரம் மதிலை இடிக்கக் கேட்டு, நகரசபை ஏலாதெண்டு சொன்னதல்லோ? கஸ்பர் கேக் வாங்கிக்கொண்டு வர, நாங்களெல்லாம் மதிலிலை இருந்து வெட்டிச் சாப்பிட்டனாங்கள். அதுக்கு அடுத்த செவ்வாய்தான்.

நாளை செய்ய வேண்டியது: பின்னேரம் நாலரை மணிக்கு அன்ரியைக் காரில் ஏற்றிக்கொண்டு நகரசபைக்குப் போவது.