நாற்பத்தொரு துலிப் கிழங்குகள்

டீயை ஆறவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர். அந்த ஜாம் என் தோட்டத்து ஆப்ரிகாட். கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் கண்டெடுத்ததாகச் சொன்னீர்களே, அந்தக் கொத்துக்கரண்டி என்னுடையதுதான். வேலை முடிந்ததும் திருப்பித் தந்துவிடுங்கள், நல்ல இரும்பு.

நாரின் நகரப் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் தாவரவியல் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் கைபேசியில் ஒரு குழு தொடங்கினேன். மலையில் பூவைப் பார்த்தவர்கள் படம் அனுப்புவார்கள், நான் பெயர் சொல்வேன். நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். அளவு தெரியப் பூவின் பக்கத்தில் தீப்பெட்டி வைக்க வேண்டும். ஒரு பூவையும் பறிக்கக் கூடாது. பூத்த இடத்தை எனக்கு மட்டும் சொல்ல வேண்டும், கிழங்கு திருடுகிறவர்கள் இருக்கிறார்கள் பாருங்கள். ஆறு வருஷத்தில் நான் சொன்ன பெயர் ஒன்றுகூடத் தப்பானதில்லை.

போன வருஷம் மே மாதம் ஆட்டுக்காரன் தெமிர்குல் ஒரு படம் போட்டான். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பார்த்த கையோடு "சாதாரண மஞ்சள் துலிப்" என்று பதில் போட்டேன். மறுநாள் பூவின் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பினான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. மஞ்சள் துலிப்புக்கு மகரந்தத் தாளோட அடியில ரோமம் இருக்கும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? இது மொழுமொழுன்னு இருக்கே."

சரியாகத்தான் சொன்னான். அது இன்னும் யாரும் பெயர் வைக்காத பூ. படத்தைப் பார்த்துத் தலைநகரிலிருந்து நிபுணர்கள் வருவதாகச் சொன்னார்கள். புதுப் பூ என்று பதிவு செய்யப் படம் போதாது, ஒரு செடியாவது வேண்டும். தெமிர்குல் என் விதியை மதித்து ஒன்றையும் பறித்து வைத்திருக்கவில்லை.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "கல்யாணமாகி முப்பது வருஷம், சோனுனுக்கு ஒரு தோடுகூட வாங்கித் தந்ததில்லக்கா. இந்தப் பூவுக்கு அவ பேரை வச்சிடறேன்."

"ஆமா, தோட்டைக் காணோம், பூ வருதாம்," என்று சிரித்தாள் அவன் மனைவி. ஆனால் சந்தையில் பார்ப்பவர்களிடமெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அவர்கள்மேல் வருத்தமே கிடையாது. நாலாயிரம் பேரின் நம்பிக்கையைத்தான் நினைத்தேன். ஒரு பதில் தப்பு என்றால் மற்ற பதில்களை யார் நம்புவார்கள்? நிதானமாக யோசித்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

நிபுணர்கள் வர நான்கு நாள் இருந்தபோது அந்தச் சரிவுக்குப் போனேன். வெயில் இதமாக இருந்தது, வானம்பாடிகள் பாடின. நாற்பத்தொரு கிழங்குகள். பொருளை வீணாக்கும் பழக்கம் எனக்கு இல்லை. தெமிர்குலையும் சோனுனையும் விருந்துக்குக் கூப்பிட்டேன். மலை வெங்காயம் என்று சொல்லிச் சோனுனிடமே உரிக்கக் கொடுத்தேன். கேரட்டோடும் ஆட்டுக்கறியோடும் புலாவில் போட்டேன்.

"என்னக்கா, வெங்காயம் இவ்ளோ இனிக்குது?" என்று தெமிர்குல் இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கினான்.

நிபுணர்கள் வெறும் மண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தெமிர்குல் தேம்பித் தேம்பி அழுதான். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தவள் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பிசகு. உரிக்கும்போது ஒரு கிழங்கு சோனுனின் மேலங்கிப் பைக்குள் விழுந்திருக்கிறது. வீட்டுக்குப் போய் அதை ஜன்னலோரம் ஒரு தகர டப்பாவில் நட்டிருக்கிறாள். இன்று காலை அது பூத்துவிட்டது. தெமிர்குல் ஆடுகளோடு மேலே போயிருக்கிறான், அங்கே கைபேசி எடுக்காது. அதனால் என்னைக் கேட்டாள்.

"அக்கா, இது அவர் சொன்ன பூ மாதிரியே இருக்கே? என் பூவா இது?"

உட்புறத்தையும் படமெடுத்திருந்தாள். மொழுமொழுவென்றுதான் இருந்தது. கேட்டவரைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. நீங்கள் கதவைத் தட்டுவதற்கு முன்பே பதில் போட்டுவிட்டேன். "சாதாரண மஞ்சள் துலிப்தாம்மா. கிழங்கை வதக்கிச் சாப்பிடு, ருசியா இருக்கும்."

உட்காருங்கள், எழுந்து ஓடிப் பயனில்லை. இதோ, இப்போதுதான் படம் வந்திருக்கிறது. வாணலியில் நன்றாகப் பொன்னிறமாக வந்திருக்கிறது. அளவு தெரியப் பக்கத்தில் தீப்பெட்டியும் வைத்திருக்கிறாள். என் பேச்சுக்கு எவ்வளவு மரியாதை, நீங்களே பாருங்கள்.