ஒப்பந்தத்தில் இல்லாத கதவு

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

நான் லிப்ட் மெக்கானிக். ஐந்து மாடிக் கட்டடம், தரைத்தளத்தையும் சேர்த்து ஆறு கதவு. பதினோரு வருஷம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். மோட்டார், கம்பிவடம், பிரேக், இவ்வளவுதான் என் பொறுப்பு. கதவுகள் குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு.

கதவைப் பார்த்துக்கொண்டது வெறும் வாய்வார்த்தையில். அப்போது சங்கச் செயலாளராக இருந்த நான்காவது மாடிப் பெரியவர் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "கதவையும் ஒரு கண்ணு பாத்துக்கப்பா. மீட்டர் பக்கத்து ரூம் சும்மாதான் கெடக்கு, பட்டறையா வச்சுக்க. இதையெல்லாம் எழுதிக்கிட்டா இருப்பாங்க?"

எழுதவில்லை. லிப்ட் வந்து நிற்காதபோது கதவைத் திறக்கவிடாமல் பிடித்திருக்கும் கொக்கிகள் தளர்ந்துபோயிருந்தன. ஆறுக்கும் என் கையாலேயே ஸ்பிரிங் சுற்றிப் போட்டேன். அந்த அறையில் என் மனைவி மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் பழுதுபார்த்தாள். எங்கள் பிழைப்பு அதில்தான் ஓடியது.

போன மாதம் புதுச் செயலாளர் வந்தார். அறையைக் காலி செய்யச் சொன்னார். பெரியவரோடு வாய்ப்பேச்சு இருக்கிறது என்றேன். கூட்டத்தில் ஒப்பந்தத்தைத் தூக்கிக் காட்டி, இதில் அறை எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்படிப் பேசினதா ஞாபகம் இல்லையே" என்றார்.

மறுநாள் என் மனைவியின் சாமான்கள் மழையில் கிடந்தன. அவள் அழவில்லை, சேற்றில் குனிந்து திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. ஆனால் கோபத்தில் செய்ததாக எழுதிக்கொள்ளாதீர்கள். யாரையும் பழிவாங்கும் புத்தி எனக்குக் கிடையாது. அறையைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் கதவைப் பற்றியும் பேச்சு இல்லை. அப்படியானால் ஸ்பிரிங் என் சொந்தப் பொருள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போய் எடுத்துக்கொண்டேன். பத்து நிமிஷ வேலை.

பெரியவருக்குக் கண் மங்கல் என்று எனக்குத் தெரியும். கதவை இழுத்துப் பார்ப்பார். திறந்தால் லிப்ட் வந்துவிட்டது என்று காலை எடுத்து வைப்பார். பல வருஷப் பழக்கம். பதினொன்றரைக்கு மருந்து வாங்கக் கிளம்புவார். அன்றைக்கும் கிளம்பினார்.

பதினோரு வருஷம் நானும் சங்கமும் நடந்துகொண்ட விதமே சாட்சி, எழுத்தோடு அந்த வாய்வார்த்தையும் சேர்ந்ததுதான், ஆகவே கதவும் என் பொறுப்பே என்கிறார் அரசு வக்கீல். நல்லது. அப்படியென்றால் அறையும் என்னுடையதுதானே? கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள், ஒருவரும் மூச்சு விடவில்லை. ஒரு மனிதர் செத்த பிறகுதான் வாய்வார்த்தைக்கு உயிர் வருகிறது. இதை என் மனைவி முன்னால் வந்து சொல்லச் சொல்லுங்கள் அந்த வக்கீலை.

என் சட்டைப்பையில் ஒரு ஸ்பிரிங்தான் கிடைத்தது, மற்றவை எங்கே என்று கேட்டீர்கள். வீட்டைக் குடைய வேண்டாம், ஐயா. மற்ற ஐந்தும் அந்தந்தக் கதவிலேயே இருக்கின்றன. நான்காவது மாடியில் மட்டும்தான் என் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.