கடற்கரை வீதியில் தீரும் பெற்றோல்

கல்முனையில், பிரஷர் கிளினிக் வரிசையில், தனியே நின்ற எனக்கு முன்னால் வயதான தம்பதியர் நின்றனர். மனைவி கணவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“உங்கட பைக் பொய் சொல்லுது.”

“என்ன புள்ள கதைக்காய்?”

“பின்னேரத்துல என்னை ஏத்தினா, கடற்கரை ரோட்டுல தவறாமப் பெற்றோல் முடியுது. நீங்க உருட்டுறீங்க, நான் நடக்கன்.”

“நடந்தா ரத்தக் குழாய் இளகும் எண்டு டொக்டர் சொன்னாரே. சும்மா நடந்தா ஊர் சிரிக்கும் எண்டு நீதானே மறுத்தாய்?”

“ஓம். டேங்குல பெற்றோல் குலுங்குறது எனக்குக் கேக்காதா?”

“கேட்டும் ஏன் நடந்தாய்?”

“நீங்க படுற பாட்டைப் பாத்துத்தான்.”

அவர்கள் முறை வந்ததும் தாதி மனைவிக்கு அளந்து பார்த்து, பிரஷர் குறைந்திருப்பதாகச் சொன்னார்.

“அல்ஹம்துலில்லாஹ்! இனி ஏறிப் போவமா?” என்றார் கணவர்.

“வேணாம். இண்டைக்கும் முடியட்டும்.”

வைத்தியசாலை வாசலைத் தாண்டும் முன்னரே அன்றைய பெற்றோல் தீர்ந்துவிட்டது.